வாக்குத் தவறாத எஞ்சின் கம்பெனி

கம்பெனிக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில்லை என்று ஊரெல்லாம் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். காப்பாற்றினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் ஒரு கடைக்காரன் "நாளைக்குத் தாரேன்" என்று சொல்லி நாலு நாள் கழித்துத் தந்தால், நான் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

அறுபத்தெட்டாம் வருஷம் பங்குனி மாதம். கீழச்சிவல்பட்டி நாகநாதன் என்ற சம்சாரி, காரைக்குடியில் இருந்த சத்தியவாக்கு எஞ்சின் கம்பெனிக்கு ஒரு வாஷர் வாங்கப் போனார்.

அவருடைய கிணற்றில் தண்ணீர் இருந்தது. வயலில் ஒன்றரை ஏக்கர் நெல், கதிரைத் தண்டுக்குள் வைத்துப் பொதி கட்டி நின்றது. இரண்டுக்கும் நடுவில் அந்தக் கம்பெனியில் வாங்கிய ஆயில் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. எஞ்சின் ஓடியது. சத்தம் மூன்று ஊருக்குக் கேட்டது. புகை கோபுரம் மாதிரி எழுந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. கிணற்றுக்குள் கிடக்கும் குழாயின் அடிநுனியில் ஒரு வால்வும், வால்வுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் வாஷரும் உண்டு. வாஷர் கிழிந்துபோனால் எஞ்சின் காற்றைத்தான் குடிக்கும். பொதி கட்டிய பயிரோ இன்னும் ஐந்து நாள்தான் தாங்கும். அதற்குள் தண்ணீர் காட்டாவிட்டால் கதிரெல்லாம் சாவியாகிவிடும். அறுத்து அடித்தால் உமிதான் மிஞ்சும்.

"மத்தியான பஸ்ஸுக்கு வந்துருவீகள்ல?" என்று கேட்டாள் அவர் மனைவி மீனாள்.

"ஒரு வாஷர் வாங்க எம்புட்டு நேரம் ஆகும்? போன காலோட வந்துர்றேன்" என்றார் நாகநாதன். இதுவும் ஒரு வாக்குத்தான். ஆனால் அவர் தனி ஆள், கம்பெனி இல்லை. அதனால் காப்பாற்ற முடியாமல் போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கம்பெனி இருந்தது ஒரு பெரிய வீட்டில். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடு. வீட்டுக்காரர்கள் கடல் கடந்து போய் வெகுகாலம் ஆகிவிட்டதால் வாடகைக்கு விட்டிருந்தார்கள். முகப்பில் ஆள் உயரத்துக்கு நீல நிற எனாமல் பலகை. அதில் கம்பெனி கொடுத்த வாக்குகள் வெள்ளை எழுத்தில் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக ஒன்று: "திருப்தி இல்லாமல் எங்கள் வாசலைத் தாண்டிய வாடிக்கையாளர் இன்றுவரை ஒருவரும் இல்லை."

நாகநாதன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். மனசு குளிர்ந்தது. உள்ளே போனார்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இளவட்டம் ஒருவன் எழுந்தான்.

"வாங்கண்ணே. புகாரா?"

"புகாரெல்லாம் இல்லப்பா. ஒரு வாஷரு வேணும். கிழிஞ்சுபோச்சு, தண்ணி எடுக்க மாட்டேங்குது."

"அப்பப் புகாருதான்" என்று அவன் மேஜை மணியை ஓங்கி அடித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வந்து நாகநாதனின் பக்கத்தில், தோளோடு தோள் உரச நின்றுகொண்டான்.

"என்னப்பா?"

"புகார் சொன்ன அஞ்சு நிமிசத்துல எங்க ஆளு உங்க பக்கத்துல இருப்பாருன்னு பலகையில போட்டிருக்குல்ல? நான்தான் அந்த ஆளு. பேரு முத்துவீரன். மூணே முக்கா நிமிசத்துல வந்துட்டேன்."

"ரொம்பச் சந்தோசம். ஊருக்கு வந்து வால்வைக் கழட்டிப் பாக்குறியா?"

"எனக்கு எஞ்சினைப் பத்தி ஒண்ணும் தெரியாதுண்ணே."

"பெறகு நீ என்னதான் செய்வே?"

"பக்கத்துல இருப்பேன்."

சொன்னபடி இருந்தான். நாகநாதன் நடந்தால் நடந்தான். நின்றால் நின்றான். கொல்லைப்புறம் போனபோதும் கதவுக்கு வெளியே நின்று, "இங்கனதான் இருக்கேன், பயப்படாதீக" என்று குரல் கொடுத்தான்.

மேனேஜர் பொன்னழகு எழுந்து நின்று வரவேற்றார். நெற்றியில் அளவான திருநீறு. சட்டைப்பையில் மூன்று பேனா.

"கீழச்சிவல்பட்டியா? உக்காருங்க. என்ன சாப்பிடுறீக?"

"ஒண்ணும் வேணாங்க. ஒரு வாஷர் குடுத்தீகன்னா மத்தியான பஸ்ஸைப் பிடிச்சிருவேன்."

"வாஷர் இருக்கு" என்றார் பொன்னழகு பெருமையாக. "எப்பவும் இருக்கும். 'உதிரிச் சாமான்கள் எப்போதும் இருப்பில் உண்டு.' அது எங்க ரெண்டாவது வாக்கு. அந்தா பாருங்க."

அவர் காட்டிய இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட்டின் மேல் ஒரே ஒரு வாஷர். பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அதைக் குடுங்க."

"எதை?"

"அந்த வாஷரை."

பொன்னழகு, விவரம் தெரியாத பிள்ளையிடம் சிரிப்பது போலச் சிரித்தார். "அதைக் குடுத்துட்டா இருப்பு எவ்வளவுங்க இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"அப்ப எப்போதும் இருப்பில் உண்டுன்னு நாங்க குடுத்த வாக்கு என்ன ஆகும்?"

நாகநாதன் யோசித்தார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. "அப்ப இன்னொண்ணு வாங்கி வச்சுக்கிட்டு இதைக் குடுங்களேன்."

"வாங்கலாம். மெட்ராசுக்கு எழுதணும். இருப்புல இல்லைன்னாத்தான் எழுத முடியும். இருப்புலதான் இருக்கே."

"சரிங்க, அப்ப நான் மதுரைப் பக்கம் போயி ஏதாச்சும் கடையில பாத்துக்கிறேன்."

"பொருந்தாது. 'எங்கள் எஞ்சினுக்கு எங்கள் வாஷர் தவிர வேறு எதுவும் பொருந்தாது.' அது மூணாவது வாக்கு. அதுக்காக நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. எல்லாக் கம்பெனி வாஷரும் வட்டமா இருக்கும். நம்ம வாஷர் ஒரு பக்கம் லேசாக் கோணல். கோணலாக்குறதுக்குன்னே ஒரு எஞ்சினியரை வச்சு ரெண்டு வருசம் சம்பளம் குடுத்தோம்."

"ஐயா, தண்ணி இறைக்கத்தானே எஞ்சின் வாங்குனேன். தண்ணி வரலையே?"

பொன்னழகு நாற்காலியை விட்டு எழுந்தார். முகத்தில் வருத்தம். "பலகையை நல்லாப் படிங்க. தண்ணி இறைக்கும்னு எங்கயாச்சும் எழுதியிருக்கமா? எழுத மாட்டோம். ஏன்னா, எழுதுனா காப்பாத்த முடியாதுன்னு எங்களுக்குத் தெரியும். காப்பாத்த முடியாத வாக்கை இந்தக் கம்பெனி பதினோரு வருசமாக் குடுத்ததில்லை. மத்த கம்பெனிக்காரன் தண்ணி வரும்னு சொல்லுவான். வராது. அவன் பொய்யன். நாங்க சொல்லவே இல்ல. வரலை. யாரு யோக்கியன்?"

நாகநாதனுக்குத் தலை சுற்றியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் வாரேங்க" என்று எழுந்தார். முத்துவீரனும் எழுந்தான்.

"திருப்தியா?" என்றார் பொன்னழகு.

"எங்கிட்டுத் திருப்தி? வந்த வேலை ஆகலையே."

"அப்ப எப்படிப் போவீக?"

"நடந்துதான்."

"திருப்தி இல்லாம வாசலைத் தாண்டுன ஆளு ஒருத்தர்கூட இல்லைன்னு முதல் வாக்கே அதுதானேய்யா? உங்க ஒருத்தருக்காகப் பதினோரு வருசச் சத்தியத்தை உடைக்கச் சொல்லுறீகளா?" அவர் குரல் தழுதழுத்தது. "முத்துவீரா, ஐயாவை ரெண்டாங்கட்டுக்குக் கூட்டிட்டுப் போ. பத்தொன்பதாம் ரூம்பு."

இரண்டாங்கட்டு என்பது வீட்டின் உள்முற்றம். சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். அந்தக் காலத்தில் கல்யாணம் ஆன மகன் ஒவ்வொருவனுக்கும் ஒரு அறை என்று கட்டியது. இப்போது ஒவ்வொரு புகாருக்கும் ஒரு அறை. நாற்பது பேர் இருந்தார்கள். சிலர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் தாயம் ஆடினார்கள். எல்லோருக்கும் பக்கத்தில் ஒவ்வொரு ஆள் இருந்தான்.

"வாங்க தம்பி" என்று பதினெட்டாம் அறை வாசலில் இருந்த தாடிக்காரர் பாயை விரித்துப் போட்டார். நாச்சியாபுரத்து மீரான் சாகிபு. எலுமிச்சைத் தோப்பு வைத்திருப்பவர். "எந்த ஊரு? எந்தச் சாமான்?"

"கீழச்சிவல்பட்டி. வாஷரு."

"எல்லாருக்கும் வாஷருதான். அந்தக் கண்ணாடிப் பொட்டியைப் பாத்துட்டு வந்தீகள்ல? நாப்பது பேரும் அதைத்தான் பாத்துட்டு வந்தோம்."

"நீங்க எம்புட்டு நாளா இருக்கீக, பாய்?"

"கார்த்திகையில வந்தேன். என் மக ஜரீனா நிக்காஹ் தை மாசம். மாப்பிள்ளை ஊர்வலத்தை இந்தத் தெரு வழியா விடச் சொல்லி, இந்தச் சன்னல்ல நின்னு பாத்தேன். மாப்பிள்ளை நல்ல நெறம். காருக்குள்ள இருந்தே சலாம் சொன்னாப்ல."

"போலீசுக்குச் சொல்லலையா?"

"சொன்னோம். விசாரிக்க ஒரு ஏட்டு வந்தாரு. மேனேஜர் நல்லாப் பேசுனாரு. ஏட்டுக்கும் ஊர்ல வயல் இருந்துச்சு. ஒரு எஞ்சின் வாங்குனாரு." மீரான் சாகிபு ஏழாம் அறைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒருவர் காக்கி நிஜாருக்கு மேல் துண்டு கட்டிக்கொண்டு வெயிலில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. "உபசரிப்பில் குறை வைக்க மாட்டோம்" என்பது நாலாவது வாக்கு. காலையில் வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்ச் சட்னி. மத்தியானம் பச்சடி, கூட்டு, அரிசி களைந்த தண்ணீரில் வைத்த மண்டி, பாயசம். சாயங்காலம் கந்தரப்பம். நாகநாதன் முதல் நாள் கோபத்தில் பட்டினி கிடக்கப் பார்த்தார். முத்துவீரன் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிடலைன்னா அது தனிப் புகாரா எழுதணும்ணே. அதுக்கு இன்னொரு ஆளு உங்களுக்கு அங்குட்டுப் பக்கம் வந்து நிப்பான்" என்றான். நாகநாதன் சாப்பிட்டார். குறை சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வாய் வரவில்லை. அவ்வளவு ருசி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மணி அடித்தது. சிப்பந்திகள் எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நின்று, பலகையில் உள்ள வாக்குகளைப் பாராமல் ஒப்பித்தார்கள். பிறகு புகார்க்காரர்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் மாலை விழுந்தது. நாகநாதன் திகைத்து நிற்க, முத்துவீரன் அவர் முகத்துக்கு நேரே கற்பூரத் தட்டைக் காட்டினான்.

"இது என்னப்பா?"

"'வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்.' அஞ்சாவது வாக்கு."

"தெய்வம் சொன்னாக் கேப்பீகளா?"

"கேப்போம்ணே."

"அப்ப என்னைய வீட்டுக்கு விடுங்கடா."

முத்துவீரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "தெய்வம் எங்கயாச்சும் தானா எந்திரிச்சுப் போகுமாண்ணே? நாங்களாப் பாத்துப் புறப்பாடு செஞ்சாத்தான் உண்டு."

மீரான் சாகிபுவுக்கு மட்டும் மாலை இல்லை. அவர் வந்த அன்றைக்கே, "படைச்சவனோட எடத்துல என்னைய உக்கார வைக்காதீக, அந்தப் பாவம் எனக்கு ஆகாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனி அதை மதித்தது. அவருக்கென்று தனியாக, 'வாடிக்கையாளரே எங்கள் விருந்தாளி' என்று ஒரு சின்னப் பலகை அடித்து அறைக்கு முன்னால் மாட்டியிருந்தது. விருந்தாளி கிளம்புகிறேன் என்றால், "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே" என்று சொல்வதுதானே மரியாதை? அதை அவரிடம் தினமும் சொன்னார்கள்.

ஒன்பது மணி ஏழு நிமிஷத்துக்கு ஒருவர் வெள்ளித் தட்டில் ஒரு உறையோடு வந்தார். இருபத்துநாலு மணி நேரத்தில் பதில் தருவதாக ஆறாவது வாக்கு. நாகநாதன் பிரித்தார். "மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் கொடுத்த புகாருக்கு எங்கள் பதில்: புகார் கிடைத்தது" என்று டைப் அடித்திருந்தது. அதற்கு அடுத்த நாள், அதே நேரத்துக்கு, அதே தட்டில் இரண்டாவது உறை வந்தது. "தாங்கள் கொடுத்த புகாருக்கு எங்கள் பதில்: அது பத்திரமாக இருக்கிறது."

மாடிச் சன்னலில் நின்றால் பெரிய ரோடு தெரியும். கீழச்சிவல்பட்டி பஸ் தினமும் மத்தியானம் அந்த வழியாகப் போகும். நாகநாதன் அதைப் பார்த்துக்கொண்டே விரல் மடக்கினார். மூன்று நாள் போய்விட்டது. இன்னும் இரண்டு நாள். வயலில் மண் வெடித்து, பொதிக்குள் பால் பிடிக்காமல் கதிர் வெளுத்து நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. அந்த நெல்தான் அடுத்த பங்குனிவரை வீட்டுக்குச் சோறு. வாஷர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெளியே போனால் நாலு பேரிடம் கெஞ்சி மாடு பூட்டிக் கமலை இறைத்தாவது, வாளியில் மொண்டாவது ஊற்றலாம்.

கீழே இறங்கி வந்தார். "நான் திருப்தி. எங்கன கையெழுத்துப் போடணும்?"

திருப்திப் புத்தகம் வந்தது. கூடவே திருப்திப் பரிசோதகர் இராமுவும் வந்தார். இராமு ஒரு காலத்தில் நாடகக் கொட்டகையில் சிரிப்பு வேஷம் கட்டியவர். பொய்ச் சிரிப்பை ஒரு பர்லாங் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார் என்பதற்காகவே அவருக்கு இந்த வேலை.

"வெளிச்சத்துக்கு வாங்க. சிரிங்க."

நாகநாதன் சிரித்தார்.

"இது ஓட்டம் பிடிக்கிற சிரிப்பு. வேற சிரிங்க."

நாகநாதன் வேறு சிரித்தார்.

"இது அழுகை. பல்லு மட்டும் தெரியுது."

கண்ணை மூடிக்கொண்டு நல்ல நல்ல விஷயமாக நினைத்துப் பார்த்தார். கல்யாணத்தன்று மீனாள் குனிந்த தலை நிமிராமல் அவர் காலை மிதித்தது. செவலைப் பசு முதல் கன்று போட்டது. முகம் மெல்ல மலர்ந்தது. இராமு மூச்சைப் பிடித்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். சட்டென்று முகம் சுருங்கியது.

"அடடா, நல்லா வந்துச்சு. நடுவுல ஏதோ பயிரு மாதிரி வந்து கெடுத்துருச்சு" என்று இராமு பேனாவை மூடினார்.

"ஐயா, நானே திருப்தின்னு சொல்லுறேன். உங்களுக்கு என்னய்யா?" என்று நாகநாதன் கத்தினார்.

மாடிப்படியில் நின்ற பொன்னழகு பதில் சொன்னார். "நீங்க பொய் சொல்லலாம். நீங்க தனி ஆளு. உங்க பொய்யை எங்க புத்தகத்துல எழுதுனா, நாளைக்கு எங்க வாக்கை எவன் நம்புவான்? உங்களை இங்க வச்சிருக்கிறது எங்களுக்கு மட்டும் லாபமா? ஒரு நாளைக்கு எம்புட்டுப் பாயசம் ஆகுது தெரியுமா? சத்தியத்துக்காகத் தாங்குறோம்."

அன்று சாயங்காலம் நாகநாதன் மீரான் சாகிபுவின் பாயில் போய் உட்கார்ந்தார். கந்தரப்பம் வந்தது. தின்றார்கள்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு மீனாள் வந்துவிட்டாள். வாசலில் நின்றவன் மறித்தான்.

"நீங்க வாடிக்கையாளராம்மா?"

"இல்ல. வாடிக்கையாளருக்குக் கழுத்தை நீட்டுனவ. வழியை விடு."

பலகையில் சம்சாரங்களைப் பற்றி எந்த வாக்கும் இல்லாததால் அவளைத் தடுக்க விதி இல்லை. நேரே இரண்டாங்கட்டுக்கு வந்தாள். கழுத்தில் மாலையோடு தூணில் சாய்ந்திருந்த புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு வாஷரு வாங்கப் போன மனுசன் நாலு நாளா ஆளைக் காணமேன்னு ஊரெல்லாம் தேடுறோம். இங்க என்னடான்னா மாப்பிள்ளைக் கோலத்துல உக்காந்திருக்கீக. தொந்தி வேற போட்டிருக்கு."

"மீனா, அதை விடு. பயிரு? பயிரு என்னாச்சு?"

"பயிருக்கென்ன? தண்ணி குடிச்சுட்டு நிக்குது."

நாகநாதன் எழுந்து நின்றார். "மழை பேஞ்சுச்சா?"

"பங்குனியில எங்குட்டு மழை? எந்தம்பி முத்தழகை விட்டுக் குழாயை மேல தூக்கச் சொன்னேன். வால்வைக் கழட்டுனா, உள்ள ஒரு தோலு கிழிஞ்சு தொங்குச்சு. உங்க பழைய செருப்பு மாட்டுக்கொட்டடியில கெடந்துச்சு. கிழிஞ்ச தோலை அதுமேல வச்சு, அருவாமனையில அளவா அறுத்து, வேப்பெண்ணெயில ஊறப்போட்டு மாட்டுனேன். அந்தத் தோலு ஒரு பக்கம் கோணலா இருந்துச்சு. உங்க செருப்பும் நீங்க மிதிச்ச மிதியில அந்தப் பக்கம் கோணித்தான் கெடந்துச்சு. அச்சா உக்காந்துருச்சு. முந்தாநாள்ல இருந்து தண்ணி கொட்டுது. வரப்பு உடைஞ்சு பக்கத்துக் காட்டுக்காரன் சண்டைக்கு வாரான், போதுமா?"

நாகநாதனின் முகத்தில் அப்போது தோன்றியதை விவரிக்க எனக்குத் திறமை போதாது. குறுக்கே காப்பித் தம்ளரோடு போய்க்கொண்டிருந்த இராமு, தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"அசையாதீக! அதேதான்! பத்து வருசச் சர்வீசுல இப்படி ஒரு முகம் பாத்ததில்ல! முத்துவீரா, புத்தகத்தை எடு!"

நாகநாதன் கையெழுத்துப் போட்டார். பொன்னழகு வந்து கை குலுக்கினார். நாற்பது பேரும் எழுந்து பார்த்தார்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. திருப்தி எதனால் என்று அதில் எழுத வேண்டும்.

"எதனாலம்மா?" என்றார் பொன்னழகு பேனாவும் கையுமாக.

"செருப்பால" என்றாள் மீனாள்.

விவரத்தைக் கேட்கக் கேட்க மேனேஜரின் முகம் வெளுத்தது. மூன்றாவது வாக்கு செத்துப்போய்விட்டது. கம்பெனி எஞ்சினில் கம்பெனி வாஷர் அல்லாத ஒன்று பொருந்திவிட்டது. வாடிக்கையாளரை உட்காரச் சொல்லாமல் அவர் தானே உட்கார்ந்தார். அப்படி நடந்தது அந்தக் கம்பெனி சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

"அம்மா, அதைக் கழட்டிரணும்" என்றார் கடைசியில். "இன்னைக்கே ஆள் அனுப்பிக் கழட்டிர்றோம். செலவு எங்களோடது."

"தாராளமாக் கழட்டுங்க" என்றாள் மீனாள். "கழட்டுனா தண்ணி நிக்கும். தண்ணி நின்னா இவரு மூஞ்சி பழையபடி ஆகிரும். திருப்தி இல்லாத ஆளுகிட்டக் கையெழுத்து வாங்கி வாசலைத் தாண்ட விட்டீகன்னு நானே சந்தையில நின்னு சொல்லுவேன். அப்ப உங்க முதல் வாக்கு? கழட்டாம விட்டா மூணாவது போச்சு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகுது."

ஏட்டு வடகத்துக்குக் காக்காய் விரட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். பொன்னழகு கண்ணை மூடி, விரல் மடக்கி வாக்குகளை எண்ணினார். பிறகு எழுந்தார். முகத்தில் ஒரு ஒளி வந்திருந்தது.

"வாக்கைக் காப்பாத்த ரெண்டு வழி இருக்கு" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒண்ணு, சொன்னதைச் செய்யிறது. அதுக்குச் செலவாகும். இன்னொண்ணு, நடந்ததையே நாம சொன்னதா ஆக்கிக்கிறது. கம்பெனி வாஷர் மட்டுந்தான் பொருந்தும். செருப்புப் பொருந்திருச்சு. அப்ப என்ன அர்த்தம்? செருப்புத்தான் கம்பெனி வாஷர்! முத்துவீரா, முத்திரையை எடுத்துட்டு வா. முகப்புக்குப் போ."

முகப்பில், நாற்பத்தொரு வாடிக்கையாளர்கள் வந்த அன்று கழற்றிவிட்ட நாற்பத்தொரு ஜோடிச் செருப்பு தூசி படிந்து கிடந்தது. அரைமணி நேரத்தில் சிப்பந்திகள் அத்தனையையும் அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் "சத்தியவாக்கு அசல்" என்று முத்திரை குத்திவிட்டார்கள். ஏட்டின் பூட்ஸ் கெட்டித் தோல். அதில் மட்டும் ஆறு வாஷர் தேறியது. விலை, ஒன்றுக்கு இரண்டு ரூபாய்.

"எஞ்செருப்பை எனக்கே விக்கிறீகளா?" என்றார் மீரான் சாகிபு.

"உங்க செருப்பு எங்க இருக்கு பாய்? இது கம்பெனிச் சாமான். முத்திரையைப் பாருங்க" என்றார் பொன்னழகு.

மீரான் சாகிபு முத்திரையைப் பார்த்தார். திறந்து கிடந்த வாசலைப் பார்த்தார். இரண்டு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். அவர் முகத்தில் உண்மையான திருப்தி இருந்ததாக இராமு எழுதிக்கொண்டார். வரிசை நீண்டது. இராமுவுக்கு நிமிர நேரமில்லை. வெறுங்காலோடு ஒவ்வொருவராக, கையில் ஒரு தோல் துண்டும் முகத்தில் சிரிப்புமாக வெளியேறினார்கள்.

நாகநாதன் வாசல் படிக்கு வந்து தன் செருப்பைத் தேடினார். போன மாதம் திருக்கோஷ்டியூர் தெப்பத் திருவிழாவில் வாங்கிய புதுச் செருப்பு. ஒரு வாரும் அரைக் குதிகாலும் மட்டும் கிடந்தன.

"எனக்குத்தான் வாஷர் வேண்டியதில்லையே! எதுக்குடா எஞ்செருப்பை..." என்று ஆரம்பித்தார்.

முத்துவீரன் அடுத்த விநாடி பக்கத்தில் இருந்தான். "அண்ணே, புகாரா?"

படியில் இறங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பொன்னழகு திரும்பிப் பார்த்தார். மீனாள் புருஷனின் இடுப்பில் கை வைத்து, சதை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு கிள்ளுக் கிள்ளினாள். "சிரிங்க" என்றாள், உதடு அசையாமல்.

நாகநாதன் சிரித்தார். சிரித்தபடியே வாசலைத் தாண்டினார். சிரித்தபடியே தார் ரோட்டில் கால் வைத்தார்.

பங்குனி வெயிலில் தார் கொதித்தது. ஒரு காலைத் தூக்கி மறு காலை வைத்தார், மறு காலைத் தூக்கி இந்தக் காலை வைத்தார். படியில் நின்று முத்துவீரன் பார்த்துக்கொண்டே இருந்தான். அதனால் சிரிப்பை மட்டும் இறக்கவில்லை. அப்போது எதிரே பெத்தன் வந்தார். பக்கத்துக் காட்டுக்காரர். மடியில் ரூபாய்க் கட்டு முட்டிக்கொண்டிருந்தது.

"யாரு, நாகநாதனா? என்னப்பா, மூஞ்சி இந்தப் பிரகாசம் பிரகாசிக்குது! உன் தண்ணி எங்காடு வரைக்கும் பாயிறதைப் பாத்துட்டு, நானும் எஞ்சின் வாங்கத்தான் வந்தேன். கம்பெனி எப்படி? சொன்ன சொல்லைக் காப்பாத்துவாகளா?"

நாகநாதன் வாயைத் திறந்தார். முத்துவீரன் ஒரு படி கீழே இறங்கினான்.

"காப்பாத்துவாகண்ணே" என்றார் நாகநாதன், இடது காலிலிருந்து வலது காலுக்குத் தாவி. "ஒண்ணு விடாமக் காப்பாத்துவாக. ரொம்பத் திருப்தி."

"அடேயப்பா, சந்தோசத்துல குதிக்கிறியே! இதுக்கு மேல வேற சாட்சி என்னத்துக்கு?" என்று பெத்தன் படியேறினார். பலகையை ஒரு தடவை படித்துத் தலையை ஆட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். உள்ளே போனார். முத்துவீரன் ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். கதவு சாத்திக்கொண்டது.

தெருவில் இப்போது இவர்கள் இரண்டு பேர்தான். மீனாள் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"அந்த அண்ணன் வெளிய வர எப்படியும் ஆடி ஆவணி ஆகிரும்" என்றாள். "அவுக செருப்பு இங்கன கெடந்தா இவனுக அறுத்துப்புடுவாங்க. போட்டுக்கிட்டு வாங்க, நம்ம வீட்டுல பத்திரமா இருக்கட்டும்."

நாகநாதன் போட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. இந்தத் தடவை அவர் சிரிப்பதற்கு மீனாள் கிள்ள வேண்டியிருக்கவில்லை.